கழுத்தில் ஊசிமுனைத் துளை: ஒரு வெட்டா, இரண்டு வெட்டா?

கேள்வி: என் மகளுக்கு மூன்று வயது. பிறந்ததிலிருந்தே கழுத்தின் வலப்பக்கம், காறை எலும்புக்கு இரண்டு விரல் மேலே, குண்டூசித் தலையைவிடச் சிறிய துளை ஒன்று இருக்கிறது. அவ்வப்போது கோந்து மாதிரி ஒரு சொட்டு வந்து சட்டைக் காலரில் ஒட்டிக்கொள்ளும். சளி பிடித்தால் அதிகமாக வரும். இரண்டு மாதத்துக்கு முன் அந்த இடம் சிவந்து வீங்கி, காய்ச்சலும் வந்தது. பத்து நாள் ஆன்ட்டிபயாடிக்கில் அடங்கியது. பிராங்கியல் ஃபிஸ்டுலா, எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். ஒரு மருத்துவர் கழுத்தில் இரண்டு இடத்தில் வெட்டு விழும் என்கிறார். இன்னொருவர் எண்டோஸ்கோப் வைத்து ஒரே சிறு வெட்டில் முடிக்கலாம் என்கிறார். பெண் குழந்தை, தழும்பை நினைத்தாலே பயமாக இருக்கிறது. பௌத்திரத்துக்குக் கட்டும் மருந்து நூலை இதற்கும் கட்டலாமே என்பது மாமனாரின் யோசனை. எதைச் செய்வது? மகளுக்கும் மனைவிக்கும் காதுக்கு முன்னால் சிறு குழி உண்டு. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்தே தொடங்கலாம். அறுவைக்கு முன் முடிக்க வேண்டிய வேலை அதில்தான் இருக்கிறது.

காதுக்கு முன்னால் உள்ள குழி தனியாக இருந்தால் பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. எத்தனையோ பேருக்கு உண்டு. ஆனால் அந்தக் குழியும் கழுத்துத் துளையும் ஒரே குழந்தைக்கு இருந்து, தாய்க்கும் காதுக்குழி இருந்தால், பிராங்கியோ ஓட்டோ ரீனல் என்ற பரம்பரைக் கோளாறு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். கழுத்து, காது, சிறுநீரகம் மூன்றையும் தொடுகிற கோளாறு அது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. காது மந்தமாகலாம்; சிறுநீரகம் சிறுத்திருக்கலாம், சிலருக்கு ஒன்று இல்லாமலே போகலாம். இதற்கு வேண்டியது இரண்டே சோதனைகள். ஒன்று செவித்திறன் சோதனை. மூன்று வயதுக் குழந்தை உட்கார்ந்து ஒத்துழைக்காவிட்டால் தூக்கத்தில் செவி நரம்பின் பதிலை அளக்கும் பெரா சோதனை. இன்னொன்று சிறுநீரகத்துக்கு அல்ட்ராசவுண்ட். மனைவியும் தன் காதைச் சோதித்துக்கொள்வது நல்லது. மூன்றும் சரியாக இருந்தால் நிம்மதி. இல்லையென்றால், குழந்தைக்கு எந்த வலி மருந்து கொடுக்கலாம் என்பதிலிருந்து பள்ளியில் எந்த வரிசையில் உட்கார வைப்பது என்பது வரை எல்லாம் மாறும். அந்த ரிப்போர்ட்டை மயக்க மருத்துவரிடம் மறக்காமல் காட்டுங்கள். மறுபக்கக் கழுத்தையும் நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். இந்தக் கோளாறில் துளை இருபக்கமும் இருப்பது சகஜம். இரண்டாவது துளை கண்ணில் படாமல் தப்பிவிடும்.

இனி துளைக்கு வருவோம். கருவின் நான்காவது வாரத்தில், கழுத்தாகப் போகும் இடத்தில் வரப்பும் வாய்க்காலுமாக மடிப்புகள் தோன்றும். இரண்டாவது வரப்பு கீழ்நோக்கி வளர்ந்து, கீழே உள்ள வாய்க்கால்களை மூடிவிட வேண்டும். மூடாமல் தங்கிய மிச்சம்தான் இந்தப் புரைக்குழாய். அதன் உட்சுவர் தோலைப் போலவோ மூக்கின் உட்பூச்சைப் போலவோ இருக்கும், அதுவே பிசுக்கையும் சுரக்கும். சுவரை ஒட்டி நிணத் திசுவும் இருப்பதால் சளி பிடிக்கும் நாட்களில் அதுவும் வீங்கும், ஒழுகலும் கூடும். சுரக்கிற உட்சுவர் இருக்கும்வரை குழாய் தானாக மூடாது. மாத்திரை, களிம்பு, மூலிகைப் பற்று எதற்கும் கரையாது.

மகள் தண்ணீர் குடிக்கும்போது பக்கவாட்டில் உட்கார்ந்து கவனியுங்கள். ஒவ்வொரு மிடறுக்கும் துளையின் விளிம்பு இம்மியளவு உள்ளே இழுபட்டால், குழாய் மேலே ஆழத்தில் எங்கோ பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் பார்ப்பது அத்துடன் நிற்கட்டும். பிதுக்குவது, பஞ்சுத்திரியை உள்ளே விடுவது, 'எவ்வளவு ஆழம்' என்று கம்பி விட்டுப் பார்ப்பது எதுவும் வேண்டாம். மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவிலும் வேண்டாம். சுவர் மெல்லியது. கம்பி பக்கவாட்டில் குத்திக்கொண்டு போனால் இல்லாத பாதை ஒன்று உண்டாகும், சீழும் பிடிக்கும்.

மாமனாரின் யோசனை எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. இரண்டுக்கும் பெயர் ஃபிஸ்டுலாதான். ஆசனவாய்ப் பௌத்திரத்தில் க்ஷார சூத்திர நூல், சுற்றியுள்ள தசையைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டு வெளியே வரும். கழுத்தில் இந்தக் குழாய் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியை ஒட்டியே ஏறுகிறது. அங்கே அறுத்துக்கொண்டு வரும் நூலைக் கட்டக் கூடாது. இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

'சின்ன வெட்டில் முடியுமா' என்பதற்கு முன் கேட்க வேண்டியது, 'இது எந்தக் குழாய்' என்பது. துளை இருக்கும் இடமே பாதி பதில். காதுக்குக் கீழே, தாடை மூலைக்குப் பக்கத்தில் இருந்தால் முதல் பிளவு, அதாவது கருவின் முதல் வாய்க்காலின் மிச்சம். முகத்தை அசைக்கும் நரம்போடு பின்னிக் கிடக்கும் அந்தக் குழாய்க்கு, நரம்பை முதலில் தேடிக் கண்ணால் பார்த்தபின் எடுக்கும் திறந்த அறுவைதான். அங்கே சின்ன வெட்டுக்கு ஆசைப்படக் கூடாது. கழுத்தின் நட்டநடுவே, நாக்கை நீட்டினால் மேலே ஏறும் கட்டி என்றால் அது தைரோகுளோசல் வகை, கருவில் தைராய்டு இறங்கிவந்த பாதையின் மிச்சம். நாவடி எலும்பின் நடுத்துண்டையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் சிஸ்ட்ரங்க் 1920ல் எழுதியது இன்றும் மாறவில்லை. எலும்பை விட்டுக் கட்டியை மட்டும் எடுத்தால் பாதிப்பேருக்குத் திரும்ப வரும். உங்கள் மகளுக்கு இருப்பது, கழுத்தின் பக்கவாட்டுத் தசையின் முன் விளிம்பில், கீழ் மூன்றில் ஒரு பங்கில். இது இரண்டாம் பிளவு. பிராங்கியல் கோளாறுகளில் பத்துக்கு ஒன்பது இதுதான்.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுவது நல்லது. கழுத்தில் ஒழுகும் துளை என்றதும் நம் ஊரில் காசநோய் ஞாபகத்துக்கு வரும். பழைய பெயர் கண்டமாலை. அதில் முதலில் நெறிக்கட்டி வரும், வாரக்கணக்கில் பெருத்துப் பின் உடைந்து ஒழுகும். பிறந்த நாளிலிருந்தே இருக்கும், சீழில்லாத, பிசுக்கு மட்டும் வரும் துளை அது அல்ல. சந்தேகத்தின் பேரில் ஆறு மாதக் காசநோய் மாத்திரையைத் தொடங்கச் சொன்னால், எந்தச் சோதனையை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.

இரண்டாம் பிளவுக் குழாய் போகும் வழி இப்படி. தோலுக்கு அடியில் மெல்லிய தசையைத் துளைத்துக்கொண்டு, கரோட்டிட் உறையை ஒட்டி மேலே ஏறும். அந்தத் தமனி இரண்டாகப் பிரியும் கவட்டையின் நடுவே நுழையும். நாக்கை அசைக்கும் நரம்பையும் தொண்டை நரம்பையும் தாண்டி, டான்சில் இருக்கும் குழியில் போய்த் திறக்கும். எல்லாக் குழாயும் அவ்வளவு தூரம் போவதில்லை, பாதி வழியில் முடிந்துவிடுவதும் நிறைய. எதுவானாலும் முனைவரை போய் எடுத்தாக வேண்டும்.

ஆக, வெட்டு ஒன்றா இரண்டா என்பது கை எட்டுகிற தூரத்தைப் பொறுத்தது. மயக்கம் கொடுத்து, தோளுக்கு அடியில் துணிச்சுருள் வைத்து, தலையை எதிர்ப்பக்கம் திருப்பிப் படுக்க வைப்பார்கள். கண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் மழுங்கிய முனைக் கம்பியையோ மெல்லிய நைலான் இழையையோ துளைக்குள் மெதுவாக விடுவார்கள். சிலர் நீர்த்த மெதிலீன் ப்ளூ சாயத்தையும் சிறிதளவு செலுத்துவார்கள். அழுத்திச் செலுத்தினால் குழாய் கிழிந்து, சுற்றியுள்ள திசுவெல்லாம் நீலமாகிவிடும். அப்புறம் எது குழாய், எது தசை என்று பிரிப்பதே பெரும்பாடு. பிறகு துளையைச் சுற்றிக் கண் வடிவில், தோல் மடிப்பின் போக்கிலேயே ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் வெட்டு. குழாயை லேசாக இழுத்துப் பிடித்து, அதன் சுவரை விட்டு விலகாமல் பிரித்துக்கொண்டே மேலே போவார்கள். இந்த அறுவையின் சூட்சுமம் அந்த ஒட்டுதலில்தான். சுவரை ஒட்டியே போகும் கைக்கு நரம்பும் தமனியும் ஓரமாகத்தான் வரும். சுவரைவிட்டு விலகினால் நரம்பில் கை படும், அல்லது குழாயின் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடும். மேல் முனை கவட்டைக்குப் போனதும், வாய்வழியாக டான்சில் குழியில் விரல் வைத்து ஒருவர் உள்ளிருந்து வெளியே அழுத்துவார். அந்த அழுத்தத்தில் முனை கீழே தள்ளி வரும். அதைக் கரையும் நூலால் கட்டி வெட்டுவார்கள்.

மூன்று வயதுக் குழந்தையின் கழுத்து குட்டையானது. நல்ல கைக்கு இந்த ஒரே வெட்டிலேயே டான்சில்வரை எட்டிவிடுவது உண்டு, எண்டோஸ்கோப் இல்லாமலும். வளர்ந்த பிள்ளைகளுக்குத் தூரம் அதிகம். அப்போதுதான் மேலே இன்னொரு மடிப்பில் இரண்டாவது வெட்டு. ஏணிப்படி வெட்டு என்பது அதுதான். எண்டோஸ்கோப் முறையில் அதே கீழ் வெட்டு வழியாக 4 அல்லது 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள விறைப்பான குழாய்க் கேமராவை உள்ளே விட்டு, நீண்ட மெல்லிய கருவிகளால் பிரித்துக்கொண்டு போவார்கள். கண்ணுக்கு எட்டாத அந்தக் கவட்டைப் பகுதி திரையில் பெரிதாக, வெளிச்சமாகத் தெரியும். மேல் வெட்டு தேவைப்படாது. செய்து பழகியவர் கையில் நல்ல முறை. உங்கள் இரு மருத்துவர்களும் முரண்பட்ட எதையும் சொல்லவில்லை. வேலை ஒன்றே, எட்டும் வழிதான் வேறு.

'உருவி எடுப்பது' என்று மூன்றாவதாக ஒன்றைச் சிலர் சொல்வார்கள். குழாய்க்குள் இழையைச் செலுத்தி, குழாயை அதோடு கட்டி, உள்ளிருந்து வாய் வழியாக உருவுவது. தொற்றே வராத, முழுநீளத்துக்கும் திறந்த, நேரான குழாயில் சரிப்படும். உங்கள் மகளுக்கு ஒருமுறை சீழ் பிடித்திருக்கிறது. சீழ் பிடித்த குழாய் சுற்றியுள்ளவற்றோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைக் கண்ணால் பார்க்காமல் உருவினால் அறுந்து பாதி உள்ளே நிற்கலாம், கூடவே வேறெதுவும் இழுபடலாம். எனவே இதைத் தவிர்ப்பதே சரி.

தழும்பைப் பற்றிய பயம் நியாயமானது. ஆனால் எடைபோட வேண்டிய எண்கள் வேறு. தொற்று வராத குழாயை முதல் முறையிலேயே எடுத்தால் திரும்ப வரும் வாய்ப்பு 100க்கு 3 போல. தொற்று வந்த பிறகோ, ஏற்கெனவே ஒருமுறை அறுவை செய்து மிச்சம் வைத்த பிறகோ என்றால் 100க்கு 20 வரை போகலாம். இரண்டாம் முறை அறுவையில் வெட்டும் பெரிது, நரம்புக்கு ஆபத்தும் அதிகம். மேல் மடிப்பில் விழும் இரண்டு சென்டிமீட்டர் வெட்டு, தோல் கோட்டோடு போனால் ஓரிரு வருடத்தில் தேடினால்தான் தெரியும். மிச்சம் வைத்த குழாய் அப்படி அடங்கிக் கிடக்காது. ஆகவே எண்டோஸ்கோப் சொன்ன மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்: 'பாதியில் முனை தெரியவில்லை என்றால் மேலே இன்னொரு வெட்டுப் போடுவீர்களா?' 'தயங்காமல் போடுவேன்' என்றால் அவரிடம் ஒப்படைக்கலாம். 'அந்தத் தேவையே வராது' என்று சிரிப்பவரிடம் இன்னும் நான்கு கேள்வி கேட்க வேண்டும். இரண்டு மருத்துவரிடமும் வருடத்துக்கு எத்தனை குழந்தைகளுக்கு இந்த அறுவை செய்கிறீர்கள், எத்தனை பேருக்குத் திரும்ப வந்தது என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. கையெழுத்து வாங்கும் படிவத்தில் 'தேவைப்பட்டால் இரண்டாவது வெட்டு' என்று இருக்கட்டும்.

எண்டோஸ்கோப் உண்மையிலேயே எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது வேறொரு வகையில். வேறு வீட்டுக் குழந்தைகளுக்காக அதையும் சொல்லிவிடலாம். கழுத்தின் இடப்பக்கம், தைராய்டு அருகே, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சீழ்க்கட்டி வருகிறது, ஒவ்வொரு முறையும் கீறி வடிக்கிறார்கள், மறுபடி வருகிறது என்றால் பைரிஃபார்ம் சைனஸ் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். பிறவியில் வெளியே துளை இருக்காது. வெளியே தெரிவது கீறி வடித்த வடுதான். உள்துளை குரல்வளைக்குப் பக்கத்தில், உணவு போகும் பள்ளத்தின் அடியில் இருக்கும். பத்துக்கு ஒன்பது பேருக்கு இடப்பக்கம். வீக்கம் முழுதும் அடங்கி ஆறு வாரம் கழித்து பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தால் மெல்லிய கோடாகத் தெரியலாம். வீங்கியிருக்கும்போது எடுத்தால் துளை அடைபட்டு, ஒன்றுமில்லை என்று வரும். மயக்கத்தில் வாய் வழியாகக் கருவி விட்டு அந்தத் துளையைக் கண்டுபிடித்து, மின்சூட்டாலோ டிரைக்ளோரோ அசிட்டிக் அமிலம் தொட்ட பஞ்சாலோ சுட்டு மூடுவார்கள். கழுத்தில் வெட்டே இல்லை. பெரும்பாலானவர்களுக்கு அத்துடன் தீர்ந்துவிடும். சிலருக்கு இரண்டாம் முறை சுட வேண்டியிருக்கும், சிலருக்குக் குரல் சில வாரம் கம்மலாகலாம். இந்தச் சுடும் முறையை யாராவது உங்கள் மகளுக்குச் சொன்னால், வகை மாறிப்போயிற்று என்று பொருள். கழுத்துத் தோலில் திறக்கும் இரண்டாம் பிளவுக் குழாயின் உள்வாயை மட்டும் மூடினால், சுரக்கிற சுவர் அப்படியே உள்ளே கிடக்கும்.

எப்போது செய்வது? தொற்று அடங்கி ஆறு வாரமாவது ஆக வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது, இதுவே தக்க நேரம். இன்னும் தள்ளிப்போட்டால் அடுத்த சளியில் மறுபடி சீழ் பிடிக்கலாம், ஒட்டுதல் கூடும். அதற்குள் வீங்கிவிட்டால் ஆன்ட்டிபயாடிக். சீழ் சேர்ந்திருந்தால் கீறுவதைவிட ஊசியால் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள், பின்னால் செய்யும் அறுவைக்கு அதுவே வசதி. மயக்க மருந்து பற்றி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016ல் விடுத்த எச்சரிக்கை, மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் மயக்கத்தையும் திரும்பத் திரும்பக் கொடுப்பதையும் பற்றியது. இந்த அறுவை சாதாரணமாக ஒன்று முதல் இரண்டு மணி நேரம்தான்.

முன்சோதனைக்குக் கழுத்து அல்ட்ராசவுண்ட் போதும். கதிர்வீச்சு இல்லை, ஊசியும் இல்லை. உள்ளே நீர்க்கட்டி ஏதும் சேர்ந்திருந்தாலும் தெரிந்துவிடும். இப்படி இடமும் அடையாளமும் தெளிவாக இருக்கும் முதல்முறைக் குழந்தைக்கு எம்ஆர்ஐ அவசியமில்லை. அதற்கென்று தனியாக ஒரு மயக்கமும் கொடுக்க வேண்டியிருக்கும்.

அறுவை நாளன்று சோறு, இட்லி, பசும்பால் ஆறு மணி நேரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். தாய்ப்பால் நான்கு, வெறும் தண்ணீர் இரண்டு. 'பாவம், அழுகிறாள்' என்று பாட்டி கொடுக்கும் ஒரு பிஸ்கட்டால் அறுவையே தள்ளிப்போகும். சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அன்றிரவு மருத்துவமனையில் தங்குவது நல்லது. கழுத்து திடீரென உப்பிக்கொண்டு வருவது, மூச்சில் சத்தம், எச்சில் விழுங்க முடியாமல் வழிவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அந்த நிமிடமே செவிலியரைக் கூப்பிடுங்கள். உள்ளே ரத்தம் தேங்கினால் மூச்சுக்குழாயை அமுக்கும். விழித்ததும் நாக்கை நீட்டச் சொல்லுங்கள், பல்லைக் காட்டிச் சிரிக்கச் சொல்லுங்கள். நாக்கு ஒரு பக்கம் கோணினாலோ உதட்டின் ஓரம் இறங்காவிட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். நரம்பு இழுபட்டதால் வரும் பலவீனம் பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகிவிடும். தொண்டைப் பக்கம் தையல் இருந்தால் ஐந்தாறு நாள் குழைந்த ரசஞ்சாதம், தயிர்சாதம், ஆறிய கஞ்சி. முறுக்கும் சிப்ஸும் கொஞ்ச நாள் கண்ணில் படக்கூடாது. தையல் தோலுக்கு அடியில் கரைவதாக இருந்தால் பிரிக்கத் தேவையில்லை. காயம் முழுதும் மூடிய பிறகு, இரண்டு மூன்று வாரம் கழித்து, சிலிக்கோன் ஜெல்லைக் காலையும் இரவும் மெல்லியதாகத் தடவி இரண்டு மூன்று மாதம் தொடருங்கள். உங்கள் இருவர் குடும்பத்திலும் காது குத்திய இடம் தடித்து வளர்ந்தவர்கள் யாராவது இருந்தால், அறுவைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

காப்பீடு இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். வெளியே தெரியும் பிறவிக் குறைபாட்டுக்குப் பல பாலிசிகளில் பணம் தருவதில்லை, உள்ளுறுப்புக் குறைபாட்டுக்குத் தருவார்கள். கழுத்துத் துளை இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். குழாய் எவ்வளவு உள்ளே போகிறது, எப்போது தொற்று வந்தது என்பதை ஸ்கேன் ரிப்போர்ட்டோடு மருத்துவர் எழுதிக்கொடுக்க, முன் அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகே அட்மிட் ஆகுங்கள்.

எடுத்த குழாயைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பச் சொல்லி, அந்த ரிப்போர்ட்டையும் அறுவைக் குறிப்பின் நகலையும் வாங்கி வையுங்கள். குழாய் எங்கே முடிந்தது, முனை கட்டப்பட்டதா, சீழ் ஒட்டுதல் எவ்வளவு என்பது அந்தக் குறிப்பில் இருக்கும். பிறகு எப்போதாவது தழும்புக்குப் பக்கத்தில் ஈரமோ சிறு வீக்கமோ தெரிந்தால், எந்த ஊர் மருத்துவரிடம் போனாலும் அவர் முதலில் கேட்கும் காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.